வெள்ளைப் பூச்சுக்குப் பத்து நிமிடம்

வெள்ளை அடித்தாயிற்று. இனிப் பத்து நிமிடத்துக்குத் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது, பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேலை. கடிகாரத்தில் ஒன்பது இருபத்திரண்டு. நீலக்கோடு போட்ட விமானம் ஜாக்கி மேல் நிற்கிறது. வயிற்றுத் தகட்டைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை விட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், வெளியிலிருந்து பார்த்தால் என் இரண்டு கால்தான் தெரியும், விமானம் என்னைப் பாதி விழுங்கிவிட்டு மிச்சத்துக்கு யோசிக்கிற மாதிரி. கண்ணுக்கு நேரே, சக்கரக் கால் வந்து உடம்போடு சேருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அலுமினியப் பட்டை. நாலு போல்ட். தரை இறங்குகிற அந்த ஒரு நொடி விமானத்தின் மொத்தப் பாரமும் இந்தப் பட்டை மேல்தான் உட்காரும், ஓட்டப் படிக்கிற பிள்ளைகள் இறக்கினால் உட்காராது, குதிக்கும். குதித்துக் குதித்து ஒருநாள் போல்ட் ஓட்டை ஓரத்தில் முடி நுழையாத ஒரு விரிசல் விடும், அது யாருக்கும் சொல்லாமல் வளரும், கடைசியில் ஒரு இறக்கத்தில் சக்கரக் கால் மடங்கி இறக்கை தரையில் உரசும். அதனால்தான் நூறு மணி நேரம் பறந்தால் ஒருதடவை இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று விதி. இந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் பார்க்கிற ஆள் நான். முதலில் பட்டையைச் சுத்தம் செய்து சிவப்புச் சாயம் அடித்துக் கால் மணி நேரம் விட வேண்டும், விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு மேலே இருக்கிற சாயத்தைத் துடைக்க வேண்டும். பிறகு வெள்ளைப் பவுடரை ஸ்ப்ரே அடித்தால், உள்ளே ஒளிந்தது பொறுக்க முடியாமல் வெளியே கசிந்து வெள்ளை மேல் சிவப்புக் கோடாக எழுந்து நிற்கும். கோடு இல்லை என்றால் விரிசல் இல்லை. முத்திரையைக் குத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். “என்ன முப்பிடாதி, பொண்ணுக்குப் பவுடர் போட்டாச்சா?” என்கிறார் டேனியல் சார், தலைமை இன்ஜினியர், என் கால்களைப் பார்த்து. “போட்டாச்சு சார், பத்து நிமிசத்துல மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாக்கலாம்.” “பாத்துட்டுப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிரப் போறாங்க.” செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போகிறது. நல்ல மனுஷன். காலையில் வந்ததும் வராததுமாக, சார், நீலத்த இன்னொரு தடவ பாத்துக்கிடட்டுமா என்று கேட்டேன். ஏன், போன மாசம்தான பாத்த என்றார். மனசுக்குச் சரியாப் படல சார் என்றேன். மனசுக்குன்னு ஃபாரத்துல கட்டம் இல்லையே என்று சிரித்துவிட்டு, சரி, பாரு என்றவர், அதோடு நின்றிருக்கலாம், ரேடியோவை எடுத்துப் பயிற்சி கொடுக்கிற கேப்டனிடம், நீலம் உள்ள போகுது, நிலோஃபருக்கு மஞ்சள் வால எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டார். நிலோஃபர் ஓட்டப் படிக்கிற பிள்ளை, மஞ்சள் வால் எங்கள் இன்னொரு விமானம், நீலத்தோடு ஒரே நாளில் நான் பார்த்தது, அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், கொட்டாவி வந்தது. என் மகள் சிட்டு ராத்திரி மூன்று தடவை எழுந்தாள். கொட்டாவி முடிவதற்குள் சார் போய்விட்டார், நான் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்பது இருபத்து நாலு. வெள்ளை இன்னும் ஈரம், ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது, கோலப்பொடி மாதிரி. இடது பக்கத்துக் கீழ் போல்ட்டைப் பார்க்கிறேன், ஒன்றுமில்லை, மேல் போல்ட், ஒன்றுமில்லை. எல்லாம் பீட்ரூட்டால் வந்தது. பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் ஜோஷ்விதா, ஊரில் ஒருத்தர் வாயிலும் அது நுழையவில்லை, அவளுக்கே நுழையப் போவதில்லை, அதனால் சிட்டு. பதினைந்து மாதம் முடிகிறது. இன்றைக்குக் காலையில் பீட்ரூட் சோறு ஊட்டினால் ஊட்டவிட மாட்டாள், தானே பிசைந்து தானே தலையில் அப்பிக்கொண்டு, இரண்டு கையும் சிவப்பு, விரல் மடிப்பெல்லாம் சிவப்பு. இவுக, என் வீட்டுக்காரர், ராத்திரி ஷிப்ட் முடித்துக் காற்றாலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டு இருந்தாக. நான் ஒரு செம்புத் தண்ணீரை நேரே அந்தக் கையில் ஊற்றினேன். சிவப்பு ஓடியது. மேலே இருந்தது மட்டும் போகவில்லை, மடிப்புக்குள் இருந்ததும் சேர்ந்து ஓடியது, கை பளிச்சென்று வந்துவிட்டது, சிட்டு தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்து எங்கே போச்சு என்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள். செம்பைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றேன். ஏனென்றால் என் கைக்கு அந்த ஊற்றல் தெரிந்திருந்தது. இருபத்து மூன்று நாள் முன்னால், வேறு எதையோ, இதே மாதிரி நேரே. சாயத்தைத் துடைக்கும்போது கிளீனரைத் துணியில்தான் அடிக்க வேண்டும், அந்த ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பட்டை மேல் நேரே அடித்தால் மேல் சாயத்தோடு விரிசலுக்குள் இருக்கிற சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் வெள்ளை அடித்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், பெரிய விரிசலே இருந்தாலும். திருச்சியில் பதினைந்து நாள் பயிற்சி, சிட்டு வயிற்றில் ஏழு மாதம், பரீட்சைத் தாளில் இரண்டாவது கேள்வியே இதுதான், நேரே அடிப்பது ஏன் தவறு. ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கம் எழுதினேன். உள்ளே இருந்தவளும் உதைத்து உதைத்துக் கூடவே எழுதினாள். எழுதத் தெரிந்தவளுக்குச் செய்யத் தெரியாமல் போகுமா. ஒருவேளை துணியில்தான் அடித்தேனோ. கை பழகிய கை. துணியில்தான் அடித்திருப்பேன்.

அன்றைக்கு என்ன நடந்தது, ஒழுங்காக, முதலிலிருந்து. காலையில் நீலமும் மஞ்சள் வாலும் இரண்டும் நூறு மணி நேரத்துக்கு வந்து நின்றன. இல்லை, மஞ்சள் அப்புறம், முதலில் நீலம். நீலத்துக்கும் அதை அடுத்து மஞ்சளுக்கும் சாயம் அடித்து உட்கார்ந்தபோது சட்டை நனைந்துவிட்டது. காலையில் சிட்டு சரியாகக் குடிக்காமல் தூங்கிவிட்டாள், பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகி, இரண்டு பக்கமும் நீலச் சீருடையில் ஈரம் வட்டமாகப் பரவி, நான் கிளிப்போர்டை மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தேன், பெரிய அதிகாரி மாதிரி. பதினொரு மணிக்குக் கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஃபோன். முப்பிடாதி, ஒன் வீட்டுக்காரரு பிள்ளையக் கொண்டாந்திருக்காரு, அது கத்துத கத்துல ஓடுபாதையில நாயெல்லாம் எந்திரிச்சு ஓடுது, சீக்கிரம் வா. பாட்டில் நீட்டினால் தட்டிவிடுவாள், நான்தான் வேண்டும். கேட் இங்கிருந்து முக்கால் கிலோமீட்டர். சாயத்துக்கு இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது. அந்த நாலு நிமிடம் நின்றேன், அது நன்றாக நினைவிருக்கிறது, விதியை மீறவில்லை பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டு நின்றேன். அதன் பிறகு துடைத்தேன். துடைத்தேனா, கழுவினேனா. இங்கேதான் மாட்டிக்கொள்கிறது, காலையிலிருந்து ஐம்பது தடவை இந்த இடம் வரைக்கும் வந்து திரும்புகிறேன். கையில் கிளீனர் டப்பா, அது தெரிகிறது. நெஞ்சுக்குள் குத்துகிற வலி, தெரிகிறது. அடுத்து கேட் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறேன், அடுத்து வாட்ச்மேன் அறைக்குள் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன், சிட்டு விக்கி விக்கிக் குடிக்கிறாள், இவுக வெளியே நின்று, மெதுவா, மெதுவா, எங்கயும் ஓடிராது என்று அவளிடம் சொல்லிக்கொண்டு இருக்காக. நடுவில் ஒரு நிமிடம் இல்லை.

கீச், என்று ஒரு சத்தம், அப்புறம் இன்னொரு சின்னக் கீச், எஞ்சின் உடனே பெரிதாகி மேலே போகிறது. மஞ்சள் வால் தரையைத் தொட்டுவிட்டு நிற்காமல் மறுபடி ஏறுகிறது. தோளை இறுக்கிக்கொண்டிருக்கிறேன், இறக்கிவிடு முப்பி, இறக்கிவிடு, ஒன்றும் ஆகவில்லை. சக்கரம் தொட்டது, தாங்கியது, போய்விட்டது. கேப்டன் வழக்கம் என்னவென்றால், ஒரு பிள்ளையை முதன்முதலாகத் தனியாக விடுகிற அன்றைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து மூன்று சுற்று சுற்றுவார். மூன்றாவது சுற்றில் விமானத்தை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கி, நீ போயிட்டு வா என்று கையை ஆட்டிவிடுவார். இது எத்தனாவது. சாயத்தைத் துடைக்கும்போது ஒன்று கேட்டது, அது ஒன்று. இது இரண்டு. இன்னும் ஐந்து நிமிடத்தில் மூன்று. அதன் பிறகு நிலோஃபர் ஒருத்தியாக. கடையநல்லூர்ப் பிள்ளை, பத்தொன்பது வயது, என் சாப்பாட்டு டப்பாவில் கேட்காமல் கை விடுகிற உரிமை அவளுக்கு மட்டும்தான். அக்கா, நான் தனியாப் போறப்ப பக்கத்து சீட்டு காலியா இருக்குமே, அதப் பாத்தா பயமா இருக்குமா என்று நேற்றுக் கேட்டாள். ஒன் பைய வச்சு பெல்ட்டப் போட்டு விடுட்டி, ஆளு மாதிரி இருக்கும் என்றேன். சிரித்தாள். வாப்பாவும் உம்மாவும் காலை பஸ்ஸிலேயே வந்தாயிற்று, விமானக் கொட்டகை வாசலில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர், தனியாகப் போய் வந்த பிள்ளை தலையில் வாளித் தண்ணீரை ஊற்றுவதுதான் இங்கே மாலை மரியாதை எல்லாம். உம்மா வந்ததும் வாளியில் விரலை விட்டுப் பார்த்து, ரொம்ப ஜில்லுன்னு இருக்கே, பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்றார்கள். மகள் ஆயிரம் அடி உயரத்தில் தனியாகப் போகப் போகிறாள், அவர்களுக்குச் சளிதான் கவலை. தாய் புத்தி. எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஒன்பது இருபத்தேழு. வெள்ளை முழுசாகக் காய்ந்துவிட்டது. இல்லை, ஒன்றுமில்லை. மேல் போல்ட் ஓரத்தில் ஏதோ, இல்லை, அது என் கண் இமையின் நிழல், டார்ச்சைத் தள்ளிப் பிடித்தால் போகிறது. இன்னும் ஐந்து நிமிடம் ஒன்றும் வராமல் இருந்தால் நீலம் சுத்தம். நீலம் சுத்தம் என்றால் மஞ்சளும் சுத்தம். இரண்டும் ஒரே வருடம் வாங்கியது, ஒரே பிள்ளைகள் ஓட்டுகிறது, ஒரே ஓடுபாதை, ஒரே நாள் சோதனை. அக்காவுக்கு இல்லாத சீக்கு தங்கைக்கு எப்படி. அப்படி நினைத்தால் நெஞ்சு லேசாகிறது, ஆனால் அதிக நேரம் லேசாக இருக்க விடமாட்டேன் என்கிறது. என் அக்காவுக்குச் சர்க்கரை, எனக்கு இல்லை. போன வாரம் ஒரு பையன் மஞ்சளை இறக்கி அது மூன்று தடவை தவளை மாதிரி குதித்துப் போனது, நீலம் குதிக்கவில்லை. ஓடுபாதையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கரிசல் காடு, கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், சின்னப் பிள்ளையில் வெடிப்புக்குள் கையை விட்டு உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்போம். ஒரு மழை பெய்தால் எல்லாம் மூடிக்கொள்ளும். விரிசல் என்றால் அவ்வளவுதான் என்று இருந்தவள் நான். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் மழை கிடையாது என்று ஐடிஐ போன பிறகுதான் தெரிந்தது. சொன்னால் முத்திரை போய்விடும். ஏழாம் நம்பர் முத்திரை, ரப்பரில் ஏழு, சுற்றிலும் வட்டம், சட்டைப் பையில் குண்டூசியோடு கிடக்கிறது. விசாரணை வரும், திருப்பிப் பரீட்சை வரும், வராமலும் போகலாம், ஹெல்ப்பராகத் திரும்பிப் போய்ச் சக்கரத்துக்குக் காற்று அடிக்கச் சொல்லலாம். அதுவும் வேலைதான். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு அந்த நூற்று இருபது பக்க இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்து வார்த்தை வார்த்தையாகக் கடந்தவள். முதல் தடவை முத்திரை குத்திய காகிதத்தை ஃபோட்டோ எடுத்து இவுகளுக்கு அனுப்பினேன், பஞ்சாயத்துத் தலைவி மாதிரி இருக்கே என்று பதில் போட்டாக. சொல்லாவிட்டால். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, பெரும்பாலும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒன்றும் ஆகாது. துணியில் அடித்திருந்தால் நூற்றுக்கு நூறு. துணியில்தான் அடித்திருப்பேன். துணி.

துணி. இதோ இப்போது என் மடியில் கிடக்கிறதே, இன்றைக்குத் துடைத்த துணி, செக்கச்செவேல் என்று, யாரோ கோழி அறுத்த மாதிரி. அன்றைக்குத் துணி எங்கே. பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன், நெஞ்சு லேசாக, தலை லேசாக, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். வந்ததும் என்ன செய்தேன். தரையைத் துடைத்தேன். ஆமாம், தரையைத் துடைத்தேன், இங்கேதான், இந்த ஜாக்கிக்குப் பக்கத்தில், சிவப்பு சொட்டுச் சொட்டாக விழுந்து தேங்கி நின்றது, யாராவது மிதித்துப் போவார்களே என்று பழைய சாக்கை எடுத்துக் குனிந்து துடைத்தேன். அந்தப் பக்கம் மஞ்சள் வாலுக்குக் கீழேயும் அதே மாதிரி ஒரு சின்னக் குளம், அதையும் துடைத்தேன். ஸ்டூல் மேல் மடித்து வைத்த சோதனைத் துணி இரண்டு, மடிப்பு கலையாமல், வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக. நல்லதாப் போச்சு, நாளைக்கு ஆகும் என்று அலமாரியில் எடுத்து வைத்தேன். துணியால் துடைத்தால் சாயம் துணியில் இருக்கும். தரையில் இருந்தது. அப்படியென்றால் நேரேதான் அடித்தேன். நீலத்தில் அடித்தேன், மஞ்சளில் அடித்தேன், சாயமெல்லாம் ஓடித் தரையில் விழுந்தது, நான் வெள்ளையை அடித்து, வெள்ளை வெள்ளையாகவே இருக்க, இரண்டு காகிதத்திலும் ஏழாம் நம்பரைக் குத்தினேன். இவ்வளவுதான். நடுவில் காணாமல் போன அந்த நிமிடம் தரையில்தான் கிடந்திருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் இப்போது பயமில்லை. காய்ச்சல் இறங்கின மாதிரி உடம்பு வியர்க்கிறது. ஒன்பது இருபத்தெட்டு. மேலே எஞ்சின் சத்தம் மெலிந்து மறுபக்கம் திரும்புகிறது, சுற்றின் பாதியைத் தாண்டிவிட்டது. இன்னும் நாலு நிமிடம் உட்கார்ந்தால் நீலத்தின் பதில் தெரிந்துவிடும். கோடு வந்தால் ஓடலாம். கோடு வராவிட்டால், எனக்கு என்னைத் தெரியும், கோடு வராவிட்டால் நான் இந்த ஸ்டூலிலிருந்து வேறு ஆளாக எழுந்திருப்பேன், பார்த்தியா, ஒன்றுமில்லை, மஞ்சளிலும் ஒன்றுமிருக்காது, சாயங்காலம் மெதுவாக அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று டேனியல் சாரிடம் தலையாட்டிவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பேன். சாயங்காலம் வரைக்கும் அந்தப் பிள்ளை. டார்ச்சை அணைக்கிறேன். பட்டையைப் பார்க்காமல் தலையை வெளியே எடுக்கிறேன், வழக்கம்போல் நெற்றியில் இடித்துக்கொண்டு.

டேனியல் சார் வாசலில் நாற்காலி போட்டு ரேடியோவும் டீயுமாக இருந்தார். “ஆயிருச்சா?” “இல்ல சார், ஆறு நிமிசம்தான். மஞ்சள் வால நிறுத்திருங்க சார். நிலோஃபரத் தனியா விட வேண்டாம்.” டீயை வாய்க்கு அருகில் கொண்டுபோனவர் அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். “போன தடவ ரெண்டுலயும் கிளீனர நேரா அடிச்சிட்டேன் சார், துணியில அடிக்கல. பிள்ளைக்குப் பால் குடுக்க ஓடுத அவசரம். ரெண்டயும் பாக்காத மாதிரிதான். முத்திரை மட்டும் குத்தியிருக்கேன்.” மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை, டீயைக் கீழே வைத்தார், ரேடியோவை எடுத்தார். “கேப்டன், இந்தச் சுத்தோட நிறுத்திருங்க, நீங்களே இறக்குங்க, மெதுவா. பிள்ள நல்லாத்தான் ஓட்டுது. விமானத்துல ஒரு வேலை இருக்கு.” அந்தப் பக்கம் கரகரவென்று, “இன்னைக்கேவா?” “இப்பவே.” நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் வந்து நின்றோம். மஞ்சள் வால் ஓடுபாதைக்கு நேரே திரும்பி, மூக்கை லேசாகத் தூக்கிக்கொண்டு, இறங்குகிறதா மிதக்கிறதா என்று தெரியாமல் இறங்கி வந்தது. தூங்குகிற பிள்ளையைப் பாயில் போடும்போது முதுகு பட்ட பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் வைத்திருப்போமே, கேப்டன் அப்படித்தான் வைத்தார், முதலில் ஒரு சக்கரம், வெகு நேரம் கழித்து இன்னொன்று. கீச்சே கேட்கவில்லை. உருண்டது. நின்றது. சார் என் பக்கம் கையை நீட்டினார், உள்ளங்கை மேலே. பையிலிருந்து முத்திரையை எடுத்து வைத்தேன், குண்டூசி ஒட்டிக்கொண்டு வந்தது, அதை மட்டும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். வாளிப் பக்கத்திலிருந்து நிலோஃபரின் உம்மா எழுந்து வந்து, “என்னம்மா, தண்ணி ஊத்தலியா?” என்றார்கள். “இன்னைக்கு இல்லம்மா. விமானத்துக்கு ஒடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு, பாக்கணும்.” “பிள்ளைக்கு ஒண்ணுமில்லல்ல?” “பிள்ளைக்கு ஒண்ணுமில்ல.” தூரத்தில் நிலோஃபர் கதவைத் திறந்து இறங்குவது தெரிந்தது, ஹெட்செட் கழுத்தில் தொங்க, தலை குனிந்திருந்தது, அழுகிறாளோ என்னவோ. அழட்டும். அப்புறம் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், என் தப்பு என்று, டப்பாவையும் கொடுத்து. சார் உள்ளே போய்விட்டார், நானும் போனேன். நீலத்தின் வயிற்றுக்குள் அவர் டார்ச்சும் லென்ஸுமாக நுழைந்து வெகு நேரம் பார்த்தார், அவர் முறைக்கு எனக்கு அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. நாலு போல்ட்டையும் சுற்றி, பட்டையின் விளிம்பு நெடுக, திருப்பி ஒருதடவை. “ஒண்ணுமில்ல” என்றது வயிற்றுக்குள்ளிருந்து குரல். “சுத்தம்.” வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மஞ்சள் வாலை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது, அதற்கு இனித்தான் எல்லாம், சாயம், துணி, வெள்ளை, பத்து நிமிடம், அதை அவரே செய்வார், நான் டார்ச் பிடிக்கலாம். “ஒண்ணு கேக்கேன்” என்றார். “இதப் பாத்துட்டு வந்திருந்தா, மஞ்சளப் பத்தி என்கிட்ட சொல்லியிருப்பியா?”

“தெரியல சார். அதான் பாக்கதுக்கு முன்னாலயே வந்துட்டேன்.”